வாய்ப்புற்றுநோய்: கண்டறிதலும் துணைநிற்றலும்



வாய்ப்புற்றுநோய் கண்ணுக்குப் புலப்படும் இடத்தில் தோன்றுவது. ஆயினும் தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆதலின் பலர் காலம் கடந்தே மருத்துவரை நாடுகின்றனர்.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. 13 ஊராட்சிகளுள் ஏழில், பயிற்சி பெற்ற பணியாளர் வீடுதோறும் சென்று, 35 வயது நிரம்பியோரின் வாயைச் சோதித்தனர். ஐயத்திற்குரியோரை மருத்துவரிடம் அனுப்பினர். அப்பணியாளர் மருத்துவம் பயின்றவரல்லர். எனினும், புகையிலை அல்லது மதுப்பழக்கம் உடையோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு, ஏனைய ஊராட்சிகளைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தமை 2005இல் வெளியாயிற்று.

ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஆகியன இரண்டு வாரத்திற்கு மேல் நீடிப்பின் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தொண்டையின் உட்பகுதி எளிதில் கண்ணுக்கு எட்டாது. மூன்று வாரமாகியும் நீங்காத குரல் கம்மலுக்கும், விழுங்குவதில் தோன்றும் தடைக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரை நாடுதல் வேண்டும்.

அவ்வாய்வில் அனுப்பப்பட்டோருள் மூன்றில் ஒருவருக்கு மேல் மருத்துவரிடம் செல்லவே இல்லை. முகாம் நடத்துவதோடு அறப்பணி முடிவதில்லை என்பதற்கு இதுவே சான்று. ஒருவரையொருவர் அறிந்த சிறிய சமூகத்தில், அஞ்சி நிற்பவரைக் கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல உறவினர் உண்டு. அத்துணையே உயிர்காக்கும் அறம்.