பட்டாசு ஓர் அறையில், தீப்பெட்டி வேறோர் அறையில்



கறிக்கடைக்குப் போனால் ஈரல் கேட்கிறோம், குடல் கேட்கிறோம், இரத்தம் ஊறட்டும் என்று பிள்ளைக்குச் சுவரொட்டி கேட்டு வாங்குகிறோம். கணையம் கேட்டு யாரும் நின்று நான் பார்த்ததில்லை. சர்க்கரை நோய்ப் பேச்சு வந்தால்தான் அதன் பெயரே காதில் விழுகிறது. ஆனால் இன்சுலின் சுரக்கும் திட்டுகள் கணையத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். ஏறக்குறைய மீதி எல்லாமே செரிமானத்துக்கு உழைக்கிறது. இன்று அந்த மீதியைப் பற்றித்தான் பேச்சு.

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே, ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் படுத்திருக்கிறது கணையம். எடை 100 கிராம் அளவு. தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். வால் மண்ணீரலை எட்டும். உள்ளே திராட்சைக் கொத்துப் போலச் செல்கள். அவற்றில் ஊறும் நீர் பெருங்குழாயில் சேர்ந்து, பெரும்பாலோருக்குப் பித்தநாளத்தோடு ஒரே வாசலில் குடலுக்குள் இறங்குகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். தன் எடையைப் போல் பதினைந்து மடங்கு!

அந்த நீரில் இருப்பது நம் வீட்டு ஆப்ப சோடாவேதான், சோடியம் பைகார்பனேட். இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தை அது தணிக்கிறது. கூடவே மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் மூன்றையும் உடைக்கும் நொதிகள்.

இங்கே ஒரு கேள்வி. புரதத்தைக் கரைக்கும் நீர் கணையத்தை ஏன் கரைக்கவில்லை? கணையமும் சதைதானே?

பட்டாசை ஓர் அறையிலும் தீப்பெட்டியை வேறோர் அறையிலும் வைப்பதுபோல ஓர் ஏற்பாடு. புரதத்தை உடைக்கும் டிரிப்சின், கணையத்தில் டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில்தான் உருவாகிறது. அதைத் தூண்டும் என்டிரோகைனேஸ் இருப்பது குடல் சுவரில். 1899-இல் இதைக் கண்டறிந்தது ரஷ்யாவில் பாவ்லோவின் ஆய்வகம். நாயும் மணியும் என்று நாம் நினைவு வைத்திருக்கும் அதே பாவ்லோவ். 1904-இல் அவருக்கு நோபல் கிடைத்தது செரிமான ஆய்வுக்காக.

கணையத்தைச் சுரக்க வைப்பது நரம்புதான் என்று அவர் நம்பினார். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு அதில் அமிலம் விட்டார்கள். கணையம் சுரந்தது! குடலின் உட்சுவரைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி இரத்தத்தில் செலுத்தினார்கள். அப்போதும் சுரந்தது. குடல் சுவரிலிருந்து இரத்தம் வழியே போன அந்தச் சேதிக்குச் செக்ரெட்டின் என்று பெயர். ஹார்மோன் என்ற சொல்லே பிறகு 1905-இல் ஸ்டார்லிங் வழங்கியதுதான். ஆக, ‘சுரந்துவிடு’ என்ற உத்தரவும் குடலிடம், தீப்பெட்டியும் குடலிடம்.

சில நேரம் பட்டாசு அறையிலேயே பற்றிக்கொள்கிறது. பித்தக்கல் அந்தப் பொது வாசலை அடைத்தாலோ, மிதமிஞ்சிய குடியாலோ, நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்து அதையே அரிக்கத் தொடங்கும். மேல்வயிற்றில் கடும் வலி, முதுகுக்குப் பாயும், விடாத வாந்தி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துப் படுத்துவிடாதீர்கள். இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.