வெளியிலிருந்து எட்டுகிறதா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வீட்டுக்குக் கடிதம் வர பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும் வேண்டும். வெறுமனே 'நெய்வேலி' என்று எழுதினால் தபால்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்? வீட்டுக் கணினியில் டோர் ரிலே வைக்க நினைப்பவர்கள் பலருக்கும் இன்று இதே சிக்கல்தான்.

டோர், இணையத்தில் யார் எதைப் பார்க்கிறார் என்பதை மறைக்கும் வலையமைப்பு. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் உருவான யோசனை. ஒருவர் அனுப்புவது வழக்கமாக மூன்று ரிலேக்கள், அதாவது இடைக் கணினிகள், வழியே போகும். எந்த ரிலேவுக்கும் முழுப் பாதை தெரியாது. இவற்றை நடத்துவோர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். வீட்டு வன்முறையிலிருந்து தப்ப வழி தேடும் பெண்ணும், முறைகேட்டை வெளியே சொல்லத் துணிந்த ஊழியரும் இவர்களை நம்பலாம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் ரிலே நடத்துவது செய்யத்தக்க தொண்டு என்பேன். ஆனால் வீட்டில் பாதையின் கடைசியான 'எக்ஸிட்' ரிலே மட்டும் வேண்டாம். பிறர் செய்வதெல்லாம் உங்கள் முகவரியிலிருந்து வந்ததாகத் தெரியும்.

ரிலே ஓடுகிறது என்று உங்கள் திரை காட்டினால் போதாது. டோர் மென்பொருளே மற்ற ரிலேக்கள் வழியே சுற்றி வந்து தன் வாசலான போர்ட்டை எட்டிப் பார்க்கும். எட்டினால்தான் லாக்கில் அதை எழுதித் தன் விவரத்தை வெளியிடும். அந்த வரி வரவில்லையென்றால் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கையும், கணினியில் ஃபயர்வாலையும் பாருங்கள். நீங்களே சோதிப்பதானால் கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். உள்ளிருந்தபடி சொந்த வெளி முகவரியைத் தொட சில ரவுட்டர்கள் விடாது.

அதுவும் பலிக்கவில்லையா? ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியை இணையச் சேவை நிறுவனம் பங்கிட்டிருக்கிறது. ஆசிய பசிபிக் பகுதியின் ஐபிவி4 முகவரி இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது; பங்கீட்டுக்குக் காரணம் அந்தப் பற்றாக்குறைதான். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி மட்டும் இருந்தால் ரிலேவுக்குப் போதாது. கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி கேட்கலாம். முடியாதவர்கள் பிரவுசரில் ஸ்னோஃப்ளேக் நீட்சியைச் சேர்க்கலாம். போர்ட் எதுவும் திறக்க வேண்டாம், டோர் தடுக்கப்பட்ட நாடுகளில் இருப்பவர்களுக்கு அது வழியாகும்.

ரிலே எட்டினால், சில மணி நேரத்தில் டோர் திட்டத்தின் ரிலே தேடல் பக்கத்தில் அதன் பெயர் வரும். மின்தடைக்குப் பிறகு ரவுட்டர் புது முகவரி வாங்கியிருக்கலாம்; மறுநாளும் அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.