பட்டாடைக்குள் இருக்கும் மடிப்பு

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, அவர்களைப் படிக்கவைத்துப் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் தாய் தந்தையரே,



நான் உலோகத்தை உருக்கிப் பிழைத்தவன். ஆகாய விமானத்தின் எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் பிளேடுகளை வார்ப்பதே என் வாழ்நாளின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்ட உத்தியோகம். இப்படிப்பட்டவன் கலையைப் பற்றியும் பக்தியைப் பற்றியும் இந்த மேடையில் பேசத் துணியலாமா என்று நீங்கள் கேட்டால், அதற்கு என்னிடம் ஒரு சமாதானம் உண்டு. மெழுகிலே உருவம் செய்து, அதன்மேல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது இருந்த இடத்திலே உலோகத்தை ஊற்றுகிற முறைதான் எங்கள் பிளேடுகளுக்கும் ஆதாரம். சோழ நாட்டு ஸ்தபதிகள் ஆயிரம் ஆண்டுகளாகக் கைக்கொண்டு வந்திருப்பதும் அதே முறைதான். தொழில்வகையில் அவர்கள் எனக்குப் பங்காளிகள்.

நான் மாணவனாகச் சென்னையில் இருந்த நாட்களில், வெயிலுக்கு ஒதுங்குவதற்கென்றே எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவேன். அங்கே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரெஞ்சு தேசத்துச் சிற்பி ரோதேன், இந்த விக்கிரகத்தை நேரில் பாராமல் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு வியந்து எழுதிய கட்டுரை 1921-இல் வெளியாயிற்று என்று அங்கேதான் ஒருவர் சொல்லக் கேட்டேன். அன்றுமுதல் அந்தக் கூடமே எனக்கு வகுப்பறையாயிற்று. இதனால் என் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன என்று சொன்னால், காலஞ்சென்ற என் ஆசிரியர்கள் மேலுலகிலிருந்தும் ஆட்சேபிப்பார்கள்.

அந்தக் கூடத்திலே என்னை வெகுநாள் அலைக்கழித்த விஷயம் ஒன்று உண்டு. கோயிலில் உற்சவமூர்த்தியை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பட்டும் பூமாலையும் ஆபரணமும் சூழ்ந்திருக்க, முகமும் கைகளும் மட்டுமே நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன. அருங்காட்சியகத்திலோ அந்த அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆகவே, அரையாடையின் ஒவ்வொரு மடிப்பும், மேகலையின் ஒவ்வொரு கண்ணியும், பிடரியிலே புரளும் சுருள்முடியும், முதுகுத்தண்டின் மெல்லிய பள்ளமும் தெரிகின்றன. பட்டுக்குள்ளே மறையப்போகிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தும் ஒரு மனிதன் உலோகத்திலே ஆடைமடிப்பை இவ்வளவு நுட்பமாக ஏன் செதுக்கினான்?

படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு, ஸ்தபதிகள் இன்றும் விக்கிரகம் வார்க்கும் சுவாமிமலைக்குப் போனேன். வயது முதிர்ந்த ஸ்தபதி ஒருவர் தம் பட்டறையில் என்னை உட்காரவைத்து, ஆதியிலிருந்து காட்டினார். தென்னோலை நறுக்கு ஒன்றை விக்கிரகத்தின் உயரத்துக்கு வெட்டி, அதையே மடித்து மடித்து அளவுகோலாக்கிக்கொண்டார். உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு. முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்பதெல்லாம் சாஸ்திரம். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகிலே கரு பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மாவாக அரைத்து முதல் பூச்சுப் பூசி, பிறகு முரட்டு மண் அப்பி, இரும்புக் கம்பியால் கட்டி நிழலில் உலர்த்தினார்கள். மெழுகுக் கருவை நிறுத்துப் பார்த்து, அதன் எடையைப் பெருக்கியே உலோகத்தின் எடையை நிர்ணயித்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றியதாக வழங்கும் மானசோல்லாசத்திலும் இந்தக் கணக்கு உண்டு. மெழுகின் அடர்த்தி தண்ணீரினுடையதைவிடச் சற்றே குறைவு, வெண்கலத்தினுடையது தண்ணீரினுடையதைப்போல் சுமார் 8.8 மடங்கு என்று கல்லூரியிலே நான் படித்திருந்த பாடம், அங்கே ஒரு தராசுத் தட்டிலே ஆடிக்கொண்டிருந்தது.

உலோகம் மூசையில் உருகிக்கொண்டிருந்தபோது, அன்று வார்க்கவிருந்த அம்பாளைச் செய்யச்சொன்ன குடும்பத்துப் பாட்டியார் ஒருவர் முன்னே வந்து, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சிறு பொற்குண்டை எடுத்துத் தீக்குள் இட்டார். பழைய விக்கிரகங்களைப் பகுத்துப் பார்த்தவர்கள், பெரும்பாலும் செம்பும், அதனோடு வெள்ளீயமும் காரீயமும் இருக்க, பொன் மிகமிகச் சொற்பம் என்கிறார்கள். அந்தக் குண்டினால் உலோகத்தின் குணம் ஒரு துளியும் மாறப்போவதில்லை. அது எங்கே கலந்தது என்று இனி எவராலும் காட்டவும் முடியாது. பாட்டியாருக்கும் அது தெரிந்திருக்கும். இட்டார், கும்பிட்டார், ஒதுங்கி நின்றார்.

பக்கத்திலே, ஏற்கெனவே வார்த்து மண்ணை உடைத்தெடுத்த வேறொரு அம்பாளின் இடுப்பாடையை ஸ்தபதி உளியால் சீர்செய்துகொண்டிருந்தார். என் கேள்வியைக் கேட்டேன்.

“அபிஷேகத்தன்னைக்கு எல்லாத்தையும் களைவாங்க இல்லீங்களா, தம்பி?” என்றார், தலை நிமிராமலே. “பாலும் சந்தனமும் வழிஞ்சு ஓடணும். மடிப்பிலே சொரசொரப்பு இருந்தா அங்கேயே தங்கிடும். அப்புறம் களிம்பு ஏறும். துடைக்கிற குருக்கள் விரலைக் கிழிக்கும்.”

உன்னதமான ஒரு தத்துவத்தை எதிர்பார்த்துப் போன எனக்குக் கிடைத்தது இதுதான். யோசிக்க யோசிக்க, இதைவிட உன்னதமான விடை இருக்க முடியாதென்று இப்போது தோன்றுகிறது. இனிப் பிறக்கப்போகிற ஏதோ ஒரு குருக்களின் விரலை நினைத்து இன்று ஒருவர் உளி பிடிக்கிறார். பக்தி என்று நான் சொல்வது அதைத்தான். கடவுளை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இந்த அரங்கில் இருப்பீர்கள். இருவருக்கும் இந்த பக்தி சாத்தியம், இருவருக்கும் இது கஷ்டம்.

சிருஷ்டித் திறமை என்றாலே விதியை மீறுவது, தன் முத்திரையைப் பதிப்பது என்று இக்காலத்தில் ஓர் அபிப்பிராயம் பரவியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்கள், இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் எழுந்தருளுவித்த திருமேனிகளின் உயரத்தை விரற்கணக்கில் சொல்லுகின்றன. நகைகளின் எடையைச் சொல்லுகின்றன. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களைக்கூடச் சொல்லுகின்றன. ஆனால், நாம் போற்றும் சோழர் திருமேனிகளின்மேல் வார்த்தவரின் கையெழுத்தைப் பொதுவாகக் காணமுடியாது. அப்படியிருந்தும், ஒரே 124 பங்கிலே பிறந்த இரண்டு மூர்த்திகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொரு வார்ப்புக்கும் அச்சு உடைபட்டுப் போவதால் இருக்கவும் முடியாது. அளவுக்குள் நின்றுகொண்டு, அளவு சொல்லாத இடங்களிலெல்லாம் கவனத்தைச் செலுத்தியவனுக்கு, தனித்தன்மை தேடாமலே வந்து சேர்ந்திருக்கிறது.

என் தொழிலிலும் அப்படியே. நவீன எஞ்சினுக்குள்ளே சீறும் வாயுவின் வெப்பம், பிளேடு செய்யப்பட்ட உலோகம் உருகும் வெப்பத்தையே மிஞ்சும். அந்த நிலையிலும் பிளேடு உருகாமல் சுழல்வதற்கு முக்கியக் காரணம், அதன் வயிற்றுக்குள் வளைந்து வளைந்து ஓடும் நுண்ணிய காற்றுவழிகள். பீங்கான் கருவை உள்ளே வைத்து வார்த்து, பிறகு அதைக் காரத்திலே கரைத்தெடுத்து அவற்றை உண்டாக்குகிறோம். விமானத்தில் போகிற பயணி அவற்றைப் பார்ப்பதில்லை; அவருடைய உயிரோ அவற்றை நம்பியே இருக்கிறது.

2021-22-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவிலே உயர்கல்வி பயில்வோர் சுமார் 4.33 கோடிப் பேர். கல்லூரி வயதினரில் நூற்றுக்கு 28 பேர் என்பது தேசத்தின் விகிதம், தமிழ்நாட்டிலோ 47. பெருமைப்படவேண்டிய கணக்குத்தான். ஆனால், இத்தனை கோடிப் பேரும் மேடையேறிப் பிரகாசிப்பது ஆகிற காரியமல்ல. உங்களில் பெரும்பாலோர் செய்யப்போகும் வேலையின் பெரும்பகுதி, கட்டடத்தின் அஸ்திவாரத்துக் கம்பியாக, மருந்துச் சீட்டின் ஒரு வரியாக, கணக்கேட்டின் நடுப்பக்கமாக, பாடத்துக்குமுன் ஆசிரியர் இரவிலே எடுத்த குறிப்பாக, பிறர் கண்ணில் படாமலே இருக்கும். புகழ் கிடைக்காததனால் அது சிறிய வேலை ஆகிவிடாது. கவனம் கிடைக்காவிட்டால் மட்டுமே சிறியதாகும்.

கவிதை எழுதுங்கள், வீணை வாசியுங்கள், கோலம் போடுங்கள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதற்காக ஞாயிற்றுக்கிழமையைக் கலைக்கும் மற்ற ஆறு நாட்களைப் பிழைப்புக்கும் ஒதுக்கிவிடாதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் முதன்முதலாக வேலைக்குச் சேரும் நாளில் உங்கள் கைக்கு வரும் காரியத்தில், எந்த மேலதிகாரியும் புரட்டிப் பார்க்காத ஒரு பக்கம் நிச்சயம் இருக்கும். அதை முதலில் சீர்செய்யுங்கள். உங்களுக்குப் பின்னால் அதைத் தொடப்போகிறவர் உங்கள் பெயரை அறியமாட்டார். அவர் விரல் கிழியாமல் இருந்தால் போதும்.