தோட்டாவுக்குப் பெயர் வந்த கதை



ராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்களுக்கு நம் வானொலியும் கேட்கும், இலங்கை வானொலியும் கேட்கும். நம் செய்தியில் 'தோட்டா' என்று வருவது அக்கரைச் செய்தியில் 'ரவை' என்று வரும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'சன்னம்' என்றும் சொல்வார்கள்.

தோட்டா இந்துஸ்தானியிலிருந்து நமக்கு வந்த சொல். மருந்தும் குண்டும் சேர்த்துக் கட்டிய பொட்டலத்துக்கு அந்தப் பெயர். பாறை உடைக்க வைக்கிற வெடியையும் தோட்டா என்றே சொல்கிறோம். ரவையும் சன்னமும் அளவைச் சொல்கிற பெயர்கள். பொடிப்பொடியாக இருந்தால் ரவை, மெல்லியதாக இருந்தால் சன்னம். பறவை சுடப் போட்ட பொடிக் குண்டுக்கு நம் பக்கமும் ரவை என்ற பெயர் உண்டு. நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் வாயில் வருவது 'பால்ரஸ்'. சக்கரத்துப் பேரிங்கில் உருளும் எஃகுக் குண்டு அது. பட்டறைச் சாமானின் பெயரே வேட்டைக் குண்டுக்கும் ஆகிவிட்டது.

இனி 'குண்டு'. உருண்டையாக இருந்தால் எதுவும் குண்டுதான். மீன்வலையின் அடிக்கயிற்றில் கோக்கிறோமே, ஈயக்குண்டு, அதற்கும் பழைய துப்பாக்கியில் போட்ட குண்டுக்கும் ஒரே உலோகம். ஈயம் சீக்கிரம் உருகும், கனமும் அதிகம். கரிநெருப்பும் ஒரு அச்சும் இருந்தால் படை போகிற வழியிலேயே குண்டு வார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஈயத்தின் எடைதான் பிறகு துப்பாக்கிக்கே பெயரானது. இரட்டைக்குழல் துப்பாக்கியை 'பன்னிரண்டு போர்' என்கிறார்களே, அந்தப் பன்னிரண்டு எதைக் குறிக்கிறது? ஒரு பவுண்டு ஈயத்தில், அதாவது சுமார் 453 கிராமில், பன்னிரண்டு சம உருண்டை வார்த்தால், ஒரு உருண்டை நுழைகிற அளவுள்ள குழல் அது. ஆகவே எண் கூடினால் குழல் சிறுக்கும். பீரங்கிக்குக் கணக்கு வேறு. குண்டு ஆறு பவுண்டு எடை என்றால் அது ஆறு பவுண்டர். நம் பக்கத்திலேயே பாருங்கள்: 1772 ஜூனில் ஜெனரல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கிழக்கிந்தியக் கும்பினிப் படை ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தது. அதே மாதம் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். கும்பினியார் தங்கள் பீரங்கிகளை இப்படி எடை சொல்லித்தான் அழைத்தார்கள். எதிரே நின்றவர்களைப் பற்றி அந்தப் பெயர்களில் ஒரு சொல்கூட இல்லை.

ஆள் பெயரும் குண்டுக்கு வந்தது. 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே, அடிப்பக்கம் குழிந்த கூம்புக் குண்டு ஒன்றை அமைத்தார். சுட்டதும் அடி விரிந்து குழலின் வரிப்பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும், அதனால் தொலைவிலும் குறி தப்பாது. அதற்கு மினியே குண்டு என்று பெயர். வானத்தில் வெடித்து உள்ளிருக்கும் சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் பீரங்கிக் குண்டுக்கு, அதைச் செய்த ஆங்கிலேயர் ஷ்ராப்னலின் பெயர். 303 துப்பாக்கியின் பெயரோ வெறும் அளவு: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் முந்நூற்று மூன்று பங்கு.

இந்தக் கரையில் இதையெல்லாம் பெயராராய்ச்சியாக மட்டும் கேட்க முடியாது. 2017 மார்ச்சில் கடலுக்குப் போன தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். சுட்டது தாங்கள் இல்லை என்று இலங்கைக் கடற்படை மறுத்தது.  குண்டுக்கு என்ன பெயர் இருந்தால் அவர் வீட்டாருக்கென்ன?

பெயர்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது 'டம்டம்'. கல்கத்தாவுக்குப் பக்கத்து ஊர். அங்கிருந்த ஆயுதச்சாலையில் 1890களில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் 303 குண்டின் முனையில் உலோக உறையை நீக்கி, ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடம்புக்குள் போனதும் முனை மலர்ந்து காயத்தை அகலமாக்கிவிடும். வடமேற்கு எல்லைப் போர்களுக்கென்றே செய்தார்கள். 1899இல் ஹேக் நகர மாநாடு, உடம்புக்குள் விரியும் குண்டுகள் போரில் கூடாது என்று அறிவித்தது. பிரிட்டன் அங்கே எதிர்த்து வாதாடியது, 1907இல்தான் ஒப்புக்கொண்டது. செய்தவர் பெயர் மறந்துபோயிற்று, ஊர்ப்பெயர் மட்டும் உலகத்து மொழிகள் பலவற்றில் அந்தக் கொடிய குண்டுக்கு நின்றுவிட்டது. கொல்கத்தா விமான நிலையம் இன்று இருப்பது அந்த டம்டத்தில்தான்.