உப்பளத்து ஓரம் பிழைத்த பருத்தி

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இஞ்சினியரிங் படித்தவன் பருத்தியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைப்பீர்கள். காரணம் என் தாய்மாமன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டி அவருக்கு ஒன்றரை ஏக்கர். கிணற்றுத் தண்ணீர் கரித்துப்போய் நெல் கைவிட்டுவிட்டது. "நீதான் இஞ்சினியராச்சே, ஏதாச்சும் வழி சொல்லேன் மாப்ளே" என்றார்.

புத்தகத்தைப் புரட்டினேன். மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனால் அளப்பார்கள். அந்த அளவு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். பருத்தி 7.7 வரை தாங்கும். "பருத்தி போடுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். கடையில் வீரிய ஒட்டு விதை வாங்கி, தை மாதம் ஊன்றினார். முளைக்கும்போதும் இளங்கன்றாக இருக்கும்போதும் பருத்திக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது என்பதை நான் கவனிக்கவில்லை. பாதிக்கு மேல் முளையிலேயே கருகியது. மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆனால் பதினோரு செடி மட்டும் செழித்துக் காய்த்தது. "இதெல்லாம் உப்பைத் தின்னு வளந்த செடி மாப்ளே. இதோட விதையை எடுத்து வெச்சா அடுத்த வருஷம் கொல்லை பூரா இப்படியே நிக்கும்" என்றார். ஆயிரக்கணக்கான வருஷமாக விவசாயிகள் பயிரைத் திருத்தியது இந்தக் கணக்கில்தான். இங்கே அது செல்லுமா?

மீட்டரை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு செடியின் காலடி மண்ணையும் அளந்தேன். எட்டுச் செடி வரப்போரத்து மேட்டில், மழை உப்பைக் கழுவிவிட்ட இடத்தில் நின்றது. மூன்றுதான் நிஜமான உப்பு மண்ணில்.

இன்னொன்றும் உண்டு. வீரிய ஒட்டு என்பது இரண்டு தூய பெற்றோரின் முதல் தலைமுறை. 1970-ல் சூரத்தில் சி.டி.படேல் உருவாக்கிய எச்-4 தான் உலகிலேயே வணிகத்துக்கு வந்த முதல் வீரிய ஒட்டுப் பருத்தி. ஒரே பொட்டலத்து விதைகள் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. செடிக்குச் செடி தெரிந்த வித்தியாசம் பெரும்பாலும் மண் செய்தது. வேறுபாடே இல்லாத கூட்டத்தில் எதைப் பொறுக்கி எடுப்பது?

கோயம்புத்தூரில் உருவாகி 1968-ல் வெளிவந்த எம்.சி.யு.5-இன் கதை வேறு. அந்த எழுத்துகளுக்கு மதராஸ், கம்போடியா, உகாண்டா என்று அர்த்தம். பல ரகங்களைக் கலந்து எடுத்ததால் அதற்குள்ளே வேறுபாடு மிச்சமிருந்தது. வெர்டிசிலியம் வாடல் நோயைத் தாங்குகிற எம்.சி.யு.5 வி.டி. ரகத்தை அதிலிருந்தே பிறகு பொறுக்கி எடுக்க முடிந்தது.

மாமா எடுத்து வைத்த விதை வீண் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. ஒட்டுச் செடியின் விதையில், அடுத்த தலைமுறையில்தான் பெற்றோரின் குணங்கள் பிரிந்து விதவிதமாக வரும். ஒரே சீரான பயிருக்கு அது ஆகாது, பொறுக்கி எடுப்பதற்கு ஆகும்.

இப்போது மாமா வீட்டுப் பின்புறம் இருபது தொட்டி வைத்திருக்கிறோம். எல்லாவற்றிலும் ஒரே மண். உப்பளத்துத் தண்ணீரை நல்ல தண்ணீரில் கலந்து, மீட்டர் பார்த்து ஒரே அளவாக ஊற்றுகிறோம். ஊன்றியது இருநூறு விதை, நிற்பது முப்பத்தொன்று. அதில் எது பரம்பரைக் குணம், எது வெறும் கொழுத்த விதை என்பது அவற்றின் பிள்ளைகளை வரிசை வரிசையாக வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். மாமா தினமும் காலையில் எண்ணிவிட்டுத்தான் டீ குடிக்கப் போகிறார்.