ஒன்பதாம் வகுப்போடு பிரெஞ்சை நிறுத்திவிடலாமா?



ஒன்ராறியோவின் ஆங்கிலமொழி அரச பாடசாலைகளில் நான்காம் வகுப்புத் தொடக்கம் எட்டாம் வகுப்பு வரை பிரெஞ்சு கட்டாய பாடமாகும். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு அதன்பின் ஒரேயொரு பிரெஞ்சு கிரெடிட் போதும். அதனை ஒன்பதாம் வகுப்பில் முடித்ததும், தொடர்வதா கைவிடுவதா என்ற தெரிவு பதினைந்து வயதுப் பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது. பல தமிழ் வீடுகளில் இது பேசப்படாமலே முடிவாகிறது. கணிதமும் விஞ்ஞானமும் இருக்க, புள்ளிகளைக் குறைக்கும் பாடம் எதற்கு என்பது ஒரு தயக்கம். தமிழே தடுமாறும் வீட்டில் இன்னொரு மொழி எதற்கு என்பது மற்றொரு தயக்கம். இரண்டும் நியாயமானவை, ஆகவே இரண்டுக்கும் விடை தேவை.

முதலில் தொழில் வாய்ப்பை நோக்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் கனடிய மத்திய அரசின் சமநிலை மொழிகளாக்கியது. 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் அதனை அரசியலமைப்பில் உறுதிசெய்தது. எனினும் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, கியூபெக்கிற்கு வெளியே இவ்விரு மொழிகளிலும் உரையாடக்கூடியோர் நூற்றுக்கு 10 பேர்கூட இல்லை. மத்திய அரசுப் பணியிடங்களிலோ ஏறத்தாழ ஐந்தில் இரண்டு, இரு மொழியும் தெரிந்தோருக்கு உரியவை. கியூபெக்கில் பொறியியலாளர், தாதியர், மருத்துவர் முதலானோர் தொழில் உரிமம் பெறவே பிரெஞ்சு அறிவு சட்டப்படி தேவை. ரொறன்ரோவில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் எல்லாரிடமும் உள்ள தகுதி. பிரெஞ்சு சிலரிடம் மட்டுமே உள்ள தகுதி.

புள்ளிகள் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடங்களையே கணக்கில் எடுக்கின்றன. பொறியியலுக்கு இவற்றுள் ஆங்கிலம், இரு கணிதப் பாடங்கள், பௌதிகம், இரசாயனம் என ஐந்து இடங்கள் நிரம்பிவிடும். ஆறாவது இடம் மாணவரின் விருப்பத்துக்கு உரியது. பிரெஞ்சைத் தொடர்ந்து படித்தவருக்கு அந்த இடத்தில் அதனை வைக்கும் வாய்ப்பு உண்டு. நன்றாக வராவிடின் வேறு பாடத்தை வைக்கலாம்.

இரண்டாவது காரணம் உறவு. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளுள் ஒருவர் ஸ்காபுரோவில் ஆங்கிலத்திலும், மற்றொருவர் மொன்றியாலிலோ பாரிஸிலோ பிரெஞ்சிலும் கல்வி கற்கின்றனர். அவர்களை இணைக்கும் முதல் மொழி தமிழாகவே இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் மற்றவரின் பள்ளி மொழியையும் அறிந்திருந்தால் அந்த உறவு திருமண மண்டபத்துப் புன்னகையோடு நின்றுவிடாது.

மூன்றாவது காரணம் தமிழோடு தொடர்புடையது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் வரலாறு இரு மொழிகளில் எழுதப்பட்டுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். அவர் பணியாற்றிய கம்பனியின் பதிவுகளோ பிரெஞ்சில் உள்ளன. 1955இல் அங்கு தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைச்சுவடிகளைப் பேணி வருகிறது. 1968இல் பிரான்சுவா குரோ பரிபாடலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டார். இரு மொழிகளையும் அறிந்த தமிழ் இளைஞருக்கு இந்தக் கதவுகள் நேரடியாகத் திறக்கின்றன.

தமிழ் அறிந்த பிள்ளை பிரெஞ்சு வகுப்புக்கு வெறுங்கையோடு செல்வதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நிற்கும் முன்னிலை, தமிழில் 'நீ', 'நீங்கள்' எனப் பிரிவதுபோல் பிரெஞ்சில் 'த்யூ', 'வூ' எனப் பிரிகிறது. செய்கிறேன், செய்கிறாய், செய்கிறோம் என வினையின் ஈறு மாறுவது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதன்று. 'லே' என்பதும் 'அமி' என்பதும் சேர்ந்து 'லேஸமி' என ஒலிக்கும்போது, புணர்ச்சி கற்ற பிள்ளை வியப்படையாது. மேசையைப் பெண்பாலாகவும் புத்தகத்தை ஆண்பாலாகவும் கொள்ளும் வழக்கம் மட்டும் திணை அறிந்த தமிழருக்குச் சற்றுச் சிரமம் தரும். அது மனனம் செய்து பழக வேண்டியது.

இனி, தமிழ் பின்தள்ளப்படும் என்ற கவலை. சாதாரண பிரெஞ்சுப் பாடம் எட்டாம் வகுப்பு முடிவில் மொத்தம் 600 மணி நேரமே. வீட்டில் பிள்ளை கழிக்கும் நேரம் இதனினும் பன்மடங்கு. அந்த நேரம் பெற்றோரின் கையிலேயே உள்ளது. பிரெஞ்சைக் கைவிட்டதனால் மட்டும் எந்த வீட்டிலும் தமிழ் வளர்ந்துவிடாது. சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் குறைந்தால் வளரும்.

அதேவேளை அந்த 600 மணி நேரம் ஒருவரைச் சரளமாகப் பேச வைக்காது என்பதும் உண்மை. அத்துடன் நிறுத்தினால் கற்றதும் மறந்துபோகும். தொடர்வோர் டெல்ஃப் தேர்வின் பி2 நிலையை இலக்காகக் கொள்ளலாம், அச்சான்றிதழ் காலாவதியாவதில்லை. மத்திய அரசின் நிதியுதவியுடன் நடைபெறும் எக்ஸ்ப்ளோர் என்னும் மொழிப்பயிற்சித் திட்டம், பிள்ளை சில வாரங்கள் பிரெஞ்சுச் சூழலில் வாழ வழிசெய்கிறது.

பெற்றோர்களே, பிரெஞ்சு தெரியாததால் உதவ இயலாது என எண்ண வேண்டாம். அன்று வகுப்பில் படித்ததைத் தமிழில் விளக்குமாறு பிள்ளையிடம் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் இரு மொழிகளும் பயன்பெறும். இளையோரே, பத்தாம் வகுப்புப் பாடத் தெரிவுப் படிவத்தை நிரப்பும் முன் இக்காரணங்களை வீட்டில் பேசுங்கள். விரும்பாதவர் பிரெஞ்சை விட்டுவிடலாம். ஆனால் அது யோசித்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.