வீட்டுப் படமும் பத்து வெள்ளியும்



சுவா வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் தம் சேமநிதிப் பணத்தில் சிறிய வீடொன்று கட்டத் தொடங்கினார். வீட்டுப் படத்தை ஒருவர் கணினியில் வரைந்து கொடுத்தார். பாதி வேலையில் மகளுக்கென ஓர் அறையைச் சேர்க்க வேண்டி வந்தது. வரைந்தவரோ ஊர் மாறிப் போய்விட்டார். அவர் தந்த கோப்பு வேறொருவர் கணினியில் திறக்கவே இல்லை. அதைத் திறக்கும் மென்பொருளை விலை கொடுத்து வாங்கியவர்தாம் திறக்கலாமாம். பெரியவர் முழுப் படத்தையும் மறுபடி வரையச் சொல்லி, இரண்டாம் முறை கூலி கொடுத்தார்.

பால் எடையைக் கிராணி எழுதும் புத்தகத்தை அவர் ஒருவர் மட்டுமே வாசிக்க முடியும் என்றால் நாம் ஒத்துக்கொள்வோமா? வீட்டுப் படத்தில் மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறோம்?

இதே கேள்வியைக் கட்டடக் கலைஞர்கள் சிலரும் கேட்டார்கள். அவர்கள் நாடியது திறந்த மூல மென்பொருள். அதாவது, கணினிக்கு இடும் கட்டளைகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஃப்ரீகேட் என்பது அப்படி ஒன்று, 2002இல் வெளிவந்தது. 2008இல் அதில் வந்து சேர்ந்தவர் யோரிக் வான் ஹாவ்ர என்ற பெல்ஜியக்காரர். அவர் ஒரு கட்டடக் கலைஞர். வீடு வரைவதற்கான பகுதியை அதில் வளர்த்தவர் அவர்தாம். பிளெண்டர் என்ற இன்னொன்றின் கதை சுவையானது. அதை நடத்திய நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. 1,00,000 யூரோ கொடுத்தால் பொதுவில் விட்டுவிடுகிறோம் என்றார்கள் முதலீட்டாளர்கள். ஏழே வாரங்களில் பொதுமக்கள் அந்தத் தொகையைத் திரட்டிவிட்டார்கள்!

இதைப் படித்தபோது எனக்குத் துன் வீ. தி. சம்பந்தன் நினைவுக்கு வந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் கட்டிய பணத்தில் மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

சரி, கட்டடக் கலைஞர்களிடம் திரும்புவோம். சிட்னியில் டியோன் மோல்ட் என்பவர் பிளெண்டரோடு சேர்ந்து இயங்கும் கட்டட மென்பொருளை உருவாக்கினார். 2024 முதல் அதன் பெயர் போன்சாய். இத்தகையோர் 2020 முதல் ஓ.எஸ்.ஆர்ச் என்ற பெயரில் இணையத்தில் ஒன்றுகூடினார்கள். அங்கே நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டும் போதாது. “சன்னல் சுவரை விட்டு விலகி நிற்கிறது” என்று பிழை சொல்பவர் வேண்டும். புதியவருக்கு விளக்கம் எழுதுபவர் வேண்டும். மொழிபெயர்ப்பவர் வேண்டும். அவர்களுடைய பத்து வெள்ளி அதுதான்.

அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது ஐ.எஃப்.சி. என்ற பொதுக் கோப்பு முறை. 2013இல் அது அனைத்துலகத் தரமாயிற்று. அதில் சுவர் வெறும் கோடாக இராது. சுவர் என்ற பெயரோடும், உயரம், கனம், பொருள் ஆகிய விவரங்களோடும் இருக்கும். ஒரு மென்பொருளில் வரைந்ததை இன்னொன்றில் திறக்கலாம். நம் பெரியவருக்குத் தேவைப்பட்டது இதுதானே?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மென்பொருள் இலவசம் என்பதால் நாமே படம் வரைந்து அனுமதிக்குக் கொடுத்துவிட முடியாது. அதற்குச் சட்டப்படி பதிவு பெற்றவரின் கையொப்பம் வேண்டும். ஆனால் கூலி பேசும்போதே, “படத்தை ஐ.எஃப்.சி. கோப்பாகவும் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் நாடா பிடித்துச் சிற்றுண்டிச் சாலையை அளந்து ஃப்ரீகேட்டில் வரைந்தார்கள். கதவு கூரைக்கு மேலே போய்விட்டது. ஒரே சிரிப்பு. மீட்டரில் எழுத வேண்டிய இடத்தில் அடிக்கணக்கை எழுதியிருக்கிறார்கள். நாளை மறுபடி அளக்கப் போகிறோம்.